கல்லில் முடிந்த கூந்தல்

மீனாட்சி கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புது மண்டபத்தை மதுரைப் பெண்களாகிய நாங்கள் வெகுகாலம் தையற்கடைகளுக்காகத்தான் அறிந்திருந்தோம். ரவிக்கை தைக்க, பாவாடை தைக்க, சித்திரை மாதம் வந்தால் அழகர் வேஷத்துக்கு உடை தைக்க என்று போவோம். தையல்காரர் அளவெடுக்கும்வரை ஏதோ ஒரு தூணில் சாய்ந்து நிற்போம். சாய்ந்த தூணில் ஓர் அரசியும் நிற்கிறார் என்பதைக் கவனிக்க இடமிருக்காது. அவர் முகத்துக்கு நேரே துணி தொங்கும். இப்போது கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. தூண்கள் வெளியே வந்திருக்கின்றன. மதுரை நாயக்கர்களில் விசுவநாதர் தொடங்கி, மண்டபத்தைக் கட்டிய திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) வரை பத்துப் பேர், ஆளுயரச் சிலைகளாக, தத்தம் மனைவியரோடு நிற்கிறார்கள்.

திருமலை நாயக்கரை யாரும் காட்டித் தரவேண்டியதில்லை. பருத்த உடல், முன்தள்ளிய வயிறு, கனத்த தோள். திருப்பரங்குன்றத்தில் பார்த்தவர்களுக்கு இங்கே தெரியும், இங்கே பார்த்தவர்களுக்கு அழகர்கோயிலில் தெரியும். சிற்பி அவருக்கு ஓர் இலட்சிய உடலைச் செய்து தரவில்லை, அவருடைய உடலையே செய்து தந்திருக்கிறார். ஊர் கூடும் மண்டபத்தில், தெய்வத்துக்கு எதிரில், தொப்பையோடு நிற்க அரசருக்கும் கூச்சம் இல்லை. தொப்பை அவருடைய கையெழுத்துப் போல ஆகிவிட்டது.

பக்கத்தில் அரசியர். ஒடுங்கிய இடை, திரண்ட மார்பு, கூப்பிய கை, நீண்ட கண். இந்த உடலைக் கோயிலின் வேறு தூண்களில் ரதியாகப் பார்த்திருக்கிறோம், குறத்தியாகப் பார்த்திருக்கிறோம். அரசியை அரசி என்று சொல்வது உடலோ முகமோ அல்ல. தலைக்கு மேலேயும் பின்னேயும் இருப்பவைதான். எண்ணெய் விட்டு வாரி இறுக்கி, பெரிதாகச் சுருட்டி முடிந்த கொண்டை. அதைச் சுற்றிய பூச்சரம், நெற்றிச்சுட்டி, காதோரத் தொங்கல். சிற்பியின் உளி மிகப் பொறுமையாக வேலை செய்திருக்கும் இடம் இதுதான். முத்து முத்தாக எண்ணிவிடலாம். ஒரு கொண்டையையும் இன்னொரு கொண்டையையும் பிரித்துச் சொல்லலாம். இரண்டு அரசியரின் முகங்களைப் பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

ஒருமுறை முதுகலை மாணவிகளை அங்கே அழைத்துப் போனேன். அரசர்களின் பெயர்களைக் குறிப்பேட்டில் வரிசையாக எழுதிக்கொண்டு வந்த ஒருத்தி, “அம்மா, இவங்க பேரு என்னம்மா?” என்று கேட்டாள். திருமலை நாயக்கரின் அரசியர் இருவரில் ஒருவர் தஞ்சாவூர் இளவரசி என்று சொல்வார்கள். தஞ்சாவூர் என்பது ஊரின் பெயர். இளவரசி என்பது உறவின் பெயர். அவள் அந்த வரியை எழுதிவிட்டு, அடுத்த இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டாள்.

(அரசரை ‘ர்’ போட்டும் அரசியை ‘ள்’ போட்டும் எழுதுவது நம் கைக்குப் பழகிப்போனது. இந்தக் கட்டுரையில் அரசியர் எல்லோருக்கும் ‘ர்’ போடுகிறேன். கண்ணகிக்கும் ஆண்டாளுக்கும் மட்டும், அவர்களோடு நமக்குள்ள உரிமையில், ‘ள்’ இருக்கட்டும்.)

இந்த அரசியரில் ஒருவர் மட்டும் தனித்துத் தெரிகிறார், அழகால் அல்ல, ஒரு பழுதால். அவருடைய தொடையில் கல் சற்றே பெயர்ந்திருக்கிறது. அதைப் பற்றி மதுரையில் வழங்கும் கதை தெரிந்திருக்கும். சிலையைச் செதுக்கும்போது தொடையில் ஒரு சில்லு தெறித்துவிடுகிறது. சிற்பி கலங்கி நிற்கிறார். அமைச்சர் நீலகண்ட தீட்சிதர், இருக்கட்டும் விடு, அரசியின் உத்தம இலக்கணப்படி அந்த இடத்தில் ஒரு மச்சம் இருக்கவேண்டும் என்கிறார். செய்தி அரசருக்குப் போகிறது. என் மனைவியின் தொடையில் இருப்பது இவருக்கு எப்படித் தெரியும் என்று சந்தேகம். ஆளனுப்புகிறார். தீட்சிதர் ஞானத்தால் அதை உணர்ந்து, கற்பூரச் சுடரில் தம் கண்களைத் தாமே பொசுக்கிக்கொள்கிறார். பிறகு மீனாட்சியைப் பாடிப் பார்வை பெறுகிறார். ‘ஆனந்தசாகரஸ்தவம்’ பிறந்த கதையாக இது சொல்லப்படுகிறது.

இன்னொரு கதையும் உண்டு. தஞ்சாவூர் இளவரசி மதுரை அரண்மனையைப் பார்த்து, என் தகப்பன் வீட்டுக் கொட்டிலுக்கு இது ஈடாகாது என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டாராம். அரசர் குறுவாளை எறிந்தாராம், தொடையில் பட்டதாம், அந்தத் தழும்புதான் சிலையில் இருக்கிறதாம்.

இரண்டும் நடந்தனவா என்பது எனக்கு முக்கியமில்லை. இரண்டு கதைகளும் ஒரே சில்லிலிருந்து கிளம்புகின்றன. முந்நூறு ஆண்டுகளாக அந்தச் சிலையைப் பார்த்தவர்களுக்கு அதில் ‘இவர்தான், வேறு யாருமில்லை’ என்று சொல்ல ஓர் அடையாளம் தேவைப்பட்டிருக்கிறது. முகத்தில் அது கிடைக்கவில்லை. கிடைத்த ஒரே அடையாளத்தை வைத்து எழுதிய கதையில் ஞானம் தீட்சிதருக்குப் போயிற்று, சந்தேகம் அரசருக்குப் போயிற்று, பழி தப்பிய நிம்மதி சிற்பிக்குப் போயிற்று. அரசிக்கு மச்சம் மட்டும் மிஞ்சியது. மச்சம் இருந்ததா இல்லையா என்று அவரைக் கேட்டதாகக் கூடக் கதையில் இல்லை. இரண்டாம் கதையில் அரசி வாய் திறந்து பேசுகிறார். அதற்குக் கிடைத்தது குறுவாள்.

உருவச் சிற்பம் என்று நாம் சொல்வது ஒரு மனிதருடைய சாயலைப் பிடித்துவைப்பது. புது மண்டபத்தில் ஆண்களுக்குச் சாயல் இருக்கிறது, பெண்களுக்கு இலக்கணம் இருக்கிறது. நாயக்கர் காலக் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கொண்டைகளின் நுட்பத்தை வியந்து ‘பெண்மையின் பேரழகு’ என்று முடித்துவிடுகிறார்கள். அழகு என்று அவர்கள் சொல்வது பாதிக்குமேல் சட்டம். யார் முடியலாம், யார் அவிழ்க்கலாம், யார் பூ வைக்கலாம், யார் மழிக்கவேண்டும் என்ற சட்டம். கல்லில் அந்தச் சட்டம் அழகாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கமா என்று பார்க்கலாம். மதுரையில் நாயக்கர் ஆட்சி தொடங்கியதாகச் சொல்லப்படும் அதே 1529இல், லண்டனில் எட்டாம் ஹென்றி தம் முதல் மனைவி கேத்தரினை விலக்க வழக்கு நடத்திக்கொண்டிருந்தார். அந்த டியூடர் அரச குடும்பத்தின் உருவப்படங்களை இன்று கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். அங்கே முகம் கூசவைக்கும் அளவு துல்லியம். ஹென்றியின் மூன்றாம் மனைவி ஜேன் சீமோரை ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த படம் வியன்னாவில் இருக்கிறது. இறுகிய சிறு வாய், லேசாகத் தொங்கும் தாடை, எங்கோ பார்க்கும் கண். ஆனால் ஒரு முடிகூடத் தெரியாது. வீட்டுக் கூரையின் முகடு போலக் கூர்ந்த ஒரு தலையணி நெற்றியிலிருந்து எல்லாவற்றையும் மூடியிருக்கும். மணமான பெண் தலையை மூடவேண்டும் என்பது அந்த ஊர் ஒழுக்கம். இரண்டாம் மனைவி ஆன் பொலினின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பிரெஞ்சுத் தலையணி சற்றே பின்னால் தள்ளி, முன்வகிட்டுக் கூந்தலைக் கொஞ்சம் காட்டும். அந்த இரண்டு விரற்கடை கூந்தலை வைத்து ஒழுக்கம் பேசினார்கள். மணப்பெண்ணும், முடிசூடும் நாளில் அரசியும் மட்டும் கூந்தலை விரித்துவிடலாம். 1533இல் ஆன் பொலின் அப்படித்தான் முடிசூடப் போனார். மூன்றே ஆண்டுகளில் அவருடைய தலையை வெட்டினார்கள்.

ஆங்கில ஓவியன் பெண்ணுக்கு முகத்தைக் கொடுத்துக் கூந்தலை எடுத்துக்கொண்டான். மதுரைச் சிற்பி கூந்தலைக் கொடுத்து முகத்தை எடுத்துக்கொண்டான். எதைக் காட்டலாம் என்று அந்தப் பெண்ணிடம் கேட்காத வரையில் இரண்டும் ஒரே கணக்கு.

ஹென்றியின் மகள் முதலாம் எலிசபெத் தம்மிடம் கேட்கவேண்டும் என்று சொன்ன பெண். கணவன் இல்லாமல் ஆண்டவர், ஓவியர்களுக்குக் கட்டளை போட்டவர். அரசியின் உருவத்தைக் கண்டவரெல்லாம் வரையக்கூடாது, ஒப்புதல் பெற்ற மாதிரியைப் பார்த்துத்தான் வரையவேண்டும் என்று 1563இலேயே ஓர் ஆணை எழுதப்பட்டது. 1596இல் பொருத்தமற்ற படங்களைத் தேடி அழிக்க அவருடைய மன்றம் உத்தரவிட்டது. அவருடைய செம்பொன் நிறக் கூந்தல் அந்த நாட்டுப் பெண்களின் இலட்சியமாயிற்று. அந்த நிறத்துக்காகவே சாயம் பூசினார்கள், பொய்முடி வைத்தார்கள். வயது ஏற ஏற அரசியும் பொய்முடிதான் வைத்தார். 1600 வாக்கில் வரையப்பட்ட ‘வானவில் உருவப்படம்’ என்ற ஓவியத்தில் அவருக்கு அறுபத்தேழு வயது இருக்கவேண்டும். படத்தில் இருப்பது சுருள் சுருளாகச் செம்பொன் கூந்தலைத் தோளில் விட்ட ஓர் இளம்பெண். தன் உருவத்தின்மேல் இவ்வளவு அதிகாரம் வைத்திருந்த பெண்ணுக்கும் நரையைக் காட்டும் அதிகாரம் இல்லை. அதே 1600ஆம் ஆண்டின் கடைசி நாளில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அவர் பட்டயம் வழங்கினார். பாதி உலகத்தை எழுதிக்கொடுக்க முடிந்தது, ஒரு வெள்ளைமுடியை வெளியே விட முடியவில்லை.

நரை என்றதும் நம் பாண்டிநாட்டுப் பிசிராந்தையாரைத்தான் நினைக்கவேண்டும். புறநானூற்றின் 191ஆம் பாட்டு. இத்தனை வயதாகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை என்று கேட்கிறார்கள். அவர் காரணம் அடுக்குகிறார். மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், தீங்கு செய்யாத அரசன், ஊர் நிறையச் சான்றோர். கவலை இல்லை, அதனால் நரை இல்லை. வகுப்பில் இந்தப் பாட்டை ஆண்டுதோறும் நடத்துகிறேன், எனக்கு மிகப் பிடித்த பாட்டு. ஆனால் ஆணின் கறுத்த முடிக்கு இங்கே ஒரு தத்துவம் கிடைக்கிறது, அது அவருடைய அகவாழ்வின் நிறைவுக்குச் சாட்சியாகிறது. அந்தத் தத்துவத்தின் முதற்காரணம் வீட்டில் இருக்கும் மனைவி. அந்த அம்மாளுக்கு நரைத்திருந்ததா? கணவர், மக்கள், ஏவலர் என்று எல்லோருடைய கவலையையும் வாங்கிக்கொண்டவருக்கு எத்தனை வயதில் நரைத்தது? கேட்க யாரும் இல்லை, ஏனென்றால் பெண்ணின் கறுத்த முடி மனநிறைவின் அடையாளம் அல்ல, அவள் இன்னும் ‘சரக்காக’ இருப்பதன் அடையாளம்.

நம் இலக்கியத்தில் அவளுடைய கூந்தலுக்கு எத்தனை பெயர்! ஓதி, கதுப்பு, குழல், அளகம். முடியும் வகைக்கு ஏற்ப ஐந்தாகப் பகுத்து ஐம்பால் என்றார்கள்: குழல், கொண்டை, சுருள், பனிச்சை, முடி. நிறம் மட்டும் ஒன்றே. கார்மேகம், ஆற்றறல், இரவு என்று உவமை மாறும், கருமை மாறாது. பெண்ணின் நரை வருணிக்கப்படும் இடங்களில் அவள் தாயாகவோ செவிலியாகவோ முதுபெண்டாகவோ வேறு வேலைக்குப் போய்விட்டிருப்பாள்; தலைவியின் இடத்தில் இருக்கமாட்டாள். நான் டை அடிப்பதை நிறுத்திய ஆண்டில் என்னை நலம் விசாரித்தவர்களின் எண்ணிக்கை என் வாழ்நாளில் எப்போதும் இல்லாத அளவு. “உடம்பு சரியில்லையா?” “வீட்டுல ஏதும் பிரச்சினையா?” நரைத்த ஆண் பேராசிரியர்கள் என்னைவிட நன்றாக நரைத்திருந்தார்கள். அவர்களை மாணவர்கள் ‘சீனியர்’ என்றார்கள்.

மதுரை தன் பெண்களின் கூந்தலைப் பற்றி ஒரு பெரிய வழக்கையே நடத்திய ஊர். தருமி கதை. திருவிளையாடற் புராணத்தில் பரஞ்சோதி முனிவர் பாடியது, 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தால் நாடெல்லாம் அறிந்தது. பாண்டியன் தன் மனைவியின் கூந்தலில் ஒரு மணம் உணர்கிறான். இது பூவால் வந்ததா, இயற்கையிலேயே உள்ளதா? ஐயத்தைத் தீர்ப்பவருக்கு ஆயிரம் பொன். சிவபெருமான் தருமிக்குப் பாட்டு எழுதித் தருகிறார். குறுந்தொகையில் இரண்டாம் பாட்டாக, இறையனார் பெயரில் இன்றும் இருக்கிறது. நக்கீரர் குற்றம் சொல்கிறார். உயர்ந்த சாதிப் பத்மினிப் பெண்ணுக்கு? இல்லை. தேவமகளிருக்கு? இல்லை. நீ வணங்கும் காளத்திநாதரின் ஞானப்பூங்கோதைக்கு? அவளுக்கும் இல்லை. நெற்றிக்கண் திறக்கிறது. நக்கீரர் பொற்றாமரைக் குளத்தில் விழுகிறார்.

நக்கீரரைத் தமிழறிவின் நெஞ்சுரமாகக் கொண்டாடுகிறோம். கொண்டாடலாம். ஆனால் இந்த வழக்கில் அரசர் இருக்கிறார், புலவர்கள் இருக்கிறார்கள், ஏழை அர்ச்சகர் இருக்கிறார், கடவுளே வருகிறார். கூந்தலுக்கு உரியவர் அந்தப்புரத்தை விட்டு வெளியே வரவே இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். இதை வகுப்பில் பயிற்சியாகக் கொடுப்பேன்: பாண்டிமாதேவியைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார், ஐந்து வரியில் எழுதுக. ‘தலைக்குக் குளித்து மூன்று நாளாயிற்று, மன்னருக்கு ஜலதோஷம்’ என்று எழுதினாள் ஒருத்தி. இன்னொருத்தி ஐந்து வரியிலும் சீயக்காய், வெந்தயம், பூலாங்கிழங்கு, சாம்பிராணி, இதையெல்லாம் இடித்துப் புகைபோட்ட பணிப்பெண்களின் கைகள் என்று ஒரு பட்டியல் எழுதியிருந்தாள். இரண்டாவது விடைதான் நக்கீரரின் விடையும். பூவால்தான் மணம், இயற்கையால் அல்ல என்றால் அதன் பொருள், அழகு என்பது யாரோ செய்யும் வேலை என்பது. நக்கீரர் அந்த வாசல்வரை வந்துவிட்டார். கதவு திறந்ததா தெரியவில்லை, குளத்தில் விழுந்துவிட்டார்.

பூ என்றால் இங்கே மல்லிகை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி. திருமங்கலம், உசிலம்பட்டி, நிலக்கோட்டைப் பக்கத் தோட்டங்களில் விடியுமுன் மொட்டுப் பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் கணவரை இழந்தவர்களும் உண்டு. கூடை கூடையாகப் பறிக்கலாம், முழம் முழமாகக் கட்டலாம், ஒரு கண்ணியைத் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. சட்டம் எதுவும் தடுக்கவில்லை, தெரு தடுக்கிறது. புறநானூற்றுக் காலத்திலேயே கைம்பெண்ணின் கூந்தலைக் களைந்தார்கள். மழிப்பது போயிற்று, பூ வைக்கக்கூடாது என்பது இன்னும் போகவில்லை. புது மண்டபத்து அரசியரின் கொண்டையில் சிற்பி எண்ணி எண்ணிச் செதுக்கிய சரத்தைப் பார்க்கும்போது எனக்கு இதுவும் தெரிகிறது. அந்தச் சரம் ‘என் கணவர் பக்கத்தில் உயிரோடு நிற்கிறார்’ என்ற அறிவிப்பு. கணவர் தூணின் முகப்பில் நிற்கிறார், பாருங்கள்.

இந்தச் சட்டத்தை மதுரைத் தெருவில் வைத்தே மீறியவள் கண்ணகி. பாண்டியன் அவைக்குள் அவள் போனது விரித்த தலையும் புழுதி படிந்த உடம்புமாக. சிலப்பதிகாரத்தில் அரசனை முதலில் அச்சுறுத்துவது சிலம்பு அல்ல, அந்தக் கோலம். முடிந்த கூந்தல் இல்லாளுடையது, விரிந்த கூந்தல் நீதி கேட்பவளுடையது. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் கண்ணகிக்குச் சிலை வைத்தார்கள். 2001இல் அகற்றினார்கள், 2006இல் மறுபடி வைத்தார்கள். அகற்றியபோதும் வைத்தபோதும் அவளைக் கற்பரசி என்றே பேசினார்கள். தலைவிரிகோலத்தை நம் வீடுகளில் இன்னும் சனியன் என்றுதான் சொல்கிறோம். வாசலில் நின்று தலைவாரும் பெண்ணை உள்ளே போகச் சொல்கிறோம். கடற்கரையில் கும்பிடலாம், வாசலில் ஆகாது.

தன் உருவத்தைத் தானே பார்த்துத் தேர்ந்தவள் என்று எனக்குத் தெரிந்து ஒருத்திதான், ஆண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் முகம் பார்த்ததாகச் சொல்லும் கண்ணாடிக் கிணறு இருக்கிறது. பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தன் கூந்தலில் சூடி, கிணற்றுத் தண்ணீரில் பார்த்துக்கொள்கிறாள். மாலையில் ஒரு முடியைக் கண்டு பெரியாழ்வார் பதறுகிறார், தெய்வமோ அந்த மாலையைத்தான் கேட்கிறது. உதிர்ந்த முடி தீட்டு என்ற சட்டத்தை ஒரு பெண்ணின் ஒற்றை முடி தோற்கடித்த கதை இது. சித்திரைத் திருவிழாவில் வைகையில் இறங்கும் கள்ளழகருக்கு இன்றும் ஆண்டாள் சூடிக்களைந்த மாலை வருகிறது. ஆனால் அவளையும் விட்டார்களா? இடப்பக்கம் சரிந்த ‘ஆண்டாள் கொண்டை’ பள்ளி மாறுவேடப் போட்டிகளில் சவுரி வைத்துக் கட்டும் ஒரு வேஷமாகிவிட்டது. கொண்டை பரிசு வாங்குகிறது. மேலே நின்று ஒன்றிரண்டு பாசுரத்தைச் சொல்லச் சொன்னால், திருப்பாவையோடு நிறுத்திவிடுவார்கள். நாச்சியார் திருமொழியின் பக்கம் போகமாட்டார்கள்.

கடைசியாக மங்கம்மாள். சொக்கநாத நாயக்கரின் மனைவி. 1682இல் கணவர் இறந்தார், 1689இல் மகனும் அம்மையில் இறந்தார். கைக்குழந்தையான பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்காகப் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை மதுரையை ஆண்டார். சாலைகள், சாவடிகள், சத்திரங்கள் எல்லாம் அவர் பெயரில் இருக்கின்றன. இவ்வளவையும் அவர் ஏன் செய்தார் என்பதற்கும் நம்மிடம் ஒரு கதை தயார்: தவறிப்போய் இடக்கையால் வெற்றிலை போட்டுக்கொண்டாராம், அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாம். திருமலை நாயக்கர் மண்டபம் கட்டினால் கலை ஆர்வம், மங்கம்மாள் சத்திரம் கட்டினால் பிராயச்சித்தம். அவருடைய அமைச்சரோடு சேர்த்து வழங்கும் கதைகளை நான் இங்கே திருப்பிச் சொல்லப்போவதில்லை.

மங்கம்மாளுக்கு ஓர் உருவப்படம் இருக்கிறது, மீனாட்சி கோயிலுக்குள்ளேயே, பொற்றாமரைக் குளக்கரையின் ஊஞ்சல் மண்டப விதானத்தில். மீனாட்சியின் பட்டாபிஷேகக் காட்சி. அம்மனிடமிருந்து செங்கோல் மங்கம்மாளுக்கு வருகிறது, பேரன் உடன் நிற்கிறான். அரசனின் தூணில் பக்கவாட்டுத் துணையாக அல்லாமல், தானே பெறுபவராக ஓர் அரசி நிற்கும் படம் இது. கணவரை இழந்த பெண்ணின் கையில் மீனாட்சியின் செங்கோல். அதை வரைந்தவர்களுக்கும் வரையச் சொன்னவர்களுக்கும் அது பொருத்தமாகவே பட்டிருக்கிறது.

இன்றும் சித்திரைத் திருவிழாவில் பட்டாபிஷேகம் நடக்கிறது. ராயர் கிரீடம் சூட்டி, வேப்பம்பூ மாலை அணிவித்து, அம்மனிடமிருந்து செங்கோலைப் பெற்றுக் கோயில் நிர்வாகத்தின் தலைவர் ஆடி வீதிகளில் வலம் வருவார். 2024இல் அறங்காவலர் குழுவின் தலைவராக இருந்தவர் ஒரு பெண். திருவிழாவுக்கு முன் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு மனு. அவர் கணவரை இழந்தவர், ஆகமப்படி அவர் செங்கோலைப் பெறக்கூடாது, வேறு யாரிடமாவது கொடுக்கவேண்டும் என்று. நீதிமன்றம் மனுவை ஏற்கவில்லை, அவரே பெற்றுக்கொண்டார். செய்தியைப் படித்த அன்று நான் ஆகமத்தை யோசிக்கவில்லை. மனு எழுதியவரும் அதைத் தட்டச்சு செய்தவரும் படித்துத் தலையாட்டியவர்களும், எத்தனை முறை அந்த ஊஞ்சல் மண்டபத்தின் அடியில் உட்கார்ந்து பொரி தின்றிருப்பார்கள் என்றுதான் யோசித்தேன்.

மீனாட்சியும் மணத்துக்கு முன்பே முடிசூடியவர்தான், திக்கு விசயம் போனவர்தான். கணவரைக் கண்டதும் மூன்றாவது முலை மறைந்ததாகச் சொல்கிறார்கள். கிரீடம் மறையவில்லை. சித்திரையிலிருந்து நான்கு மாதம் மதுரையில் அவர் ஆட்சி, ஆவணியில்தான் சொக்கநாதர் முறை வருகிறது. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜூவின் மீனாட்சி கல்யாண ஓவியம் நாள்காட்டியாக அச்சாகி வீடு வீடாகப் போயிற்று, நம் எல்லோர் வீட்டுச் சுவரிலும் மீனாட்சி தலைகுனிந்த மணப்பெண். செங்கோல் பிடித்த மீனாட்சியை யாரும் அவ்வளவு ஆசையாகச் சட்டம் போட்டு மாட்டவில்லை.

மாணவிகளை இப்போது புது மண்டபத்தோடு நிறுத்துவதில்லை, ஊஞ்சல் மண்டபத்துக்கும் கூட்டிப் போகிறேன். ஓவியம் விதானத்தில் இருப்பதால் நன்றாக அண்ணாந்து பார்க்கவேண்டும். கொண்டை போட்டு வந்தவர்களுக்குக் கழுத்து வலிக்கும். சிலர் அவிழ்த்துவிட்டுப் பார்த்தார்கள்.